பிசையாத மாவு: சோம்பு மணக்கும் பிஸ்கோச்சீட்டோ

முந்தைய அத்தியாயங்களில் ரொட்டி மாவை அடித்தும் இழுத்தும் மடித்தும் பழகிய கை, இங்கே கொஞ்சம் அடங்க வேண்டும். பிஸ்கோச்சீட்டோ பிசையப் பிசையக் கெட்டுப்போகும் பலகாரம். மாவில் பசை ஏறவிடாமல் சுட்டெடுப்பதில்தான் இதன் சூட்சுமம் எல்லாம் இருக்கிறது. அது பிடிபட்டுவிட்டால், கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கான வகையைத் தனிப் பாடமாகப் படிக்க வேண்டியதில்லை. இதே பாடத்தின் அடுத்த பக்கம்தான் அது.

எங்கிருந்து வந்தது

இன்றைய அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலம் முதலில் ஸ்பெயின் பேரரசின் வடகோடி. பிறகு மெக்சிகோவின் ஒரு பகுதி. 1848-இல் முடிந்த போருக்குப் பின் அமெரிக்காவின் கைக்குப் போனது. 1598-இல் வந்து குடியேறிய ஸ்பானியர்களின் வழியாகவே கோதுமையும் பன்றியும் அனிஸ் விதையும் அந்த வறண்ட மேட்டுநிலத்துக்குப் போய்ச் சேர்ந்தன. இந்த மூன்றும் கூடியதுதான் பிஸ்கோச்சீட்டோ. ‘இருமுறை சுட்டது’ என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து ‘பிஸ்கோச்சோ’ வந்தது. நாம் சொல்லும் பிஸ்கட்டுக்கும் வேர் அதுவே. ‘ஈட்டோ’ என்பது ஸ்பானியர் செல்லமாகச் சின்னதாக்கிச் சொல்லும் விகுதி. பெயரில் இருமுறை இருந்தாலும் இதைச் சுடுவது ஒருமுறைதான்.

அந்த ஊர்களில் குளிர்காலத்தில் உறவும் சுற்றமும் கூடிப் பன்றி அறுப்பார்கள். அதற்கு ‘மட்டான்சா’ என்று பெயர். புதிதாக உருக்கிய கொழுப்பு வீட்டில் நிறைந்திருக்கும் அதே பருவத்தில் கிறிஸ்துமஸும் வரும். அதனால் இது முதலில் கிறிஸ்துமஸ் பலகாரம். பிறகு கல்யாணம், ஞானஸ்நானம் என்று எல்லா விசேஷத்துக்கும் ஆகிவிட்டது.

1989-இல் நியூ மெக்சிகோ சட்டமன்றம் இதைத் தன் மாநில பிஸ்கட்டாக அறிவித்தது. அமெரிக்காவில் அப்படிச் செய்த முதல் மாநிலம் அதுதான். பெயரின் நடுவில் எஸ் போடுவதா இசட் போடுவதா என்று அப்போது ஒரு வாக்குவாதமும் நடந்து, இசட் ஜெயித்தது. தமிழில் எழுதுகிற நமக்கு அந்த வம்பு இல்லை.

எல்லைக்கு இருபுறமும் இதற்குப் பங்காளிகள் உண்டு. வட மெக்சிகோவில் ‘ஒஹராஸ்கா’. தெற்கு டெக்சஸில் ‘பான் தே போல்வோ’, அதாவது தூள் ரொட்டி. வாயில் போட்டதும் தூளாக வேண்டும் என்பது பெயரிலேயே இருக்கிறது.

சூட்சுமம்

கோதுமை மாவில் இருக்கும் இரண்டு புரதங்கள் தண்ணீர் பட்டதும் கைகோத்து வலையாகின்றன. அந்த வலைதான் குளூட்டன். பிசையப் பிசைய வலை இறுகும். ரொட்டிக்கு அது பலம், பிஸ்கோச்சீட்டோவுக்கு அது பகை. பாட்டிகள் வழிவந்த செய்முறையைக் கூர்ந்து பார்த்தால், ஒவ்வொரு படியும் இந்த வலையைத் தடுக்கவே வைத்ததுபோல் இருக்கும்.

கொழுப்பு ஏராளமாகச் சேர்கிறது. அது மாவுத் துகள்களைச் சுற்றிப் பூசிக்கொண்டு தண்ணீரை அண்டவிடாது. திரவம் இரண்டு மூன்று கரண்டிதான். அதுவும் வெறும் தண்ணீராக இல்லாமல் பிராந்தியாகவோ ஒயினாகவோ இருக்கும். மதுவில் உள்ள ஆல்கஹால் குளூட்டனை வளரவிடாது. சர்க்கரை இருக்கிற கொஞ்ச ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். கடைசியில் மாவைப் பிசையாமல் சேர்த்து அழுத்துவதோடு சரி.

கொழுப்பை விட்டால் என்ன மிஞ்சும் என்பதைக் காட்ட ஒரு பழைய கதை உண்டு. நியூ மெக்சிகோவின் சான்டா ஃபே நகரில் வாழ்ந்த கிளியோஃபாஸ் ஹரமில்யோ, ஸ்பானிய மரபு அழியாமல் காக்க 1935-இல் ஒரு சங்கம் தொடங்கிய பெண்மணி. தம் மக்களின் உணவு பற்றி ஒரு பத்திரிகையில் வந்த கட்டுரையில், ரொட்டிக்கு மாவு, தண்ணீர், உப்பு மட்டுமே சொல்லியிருந்ததைப் பார்த்தார். கொழுப்பைக் காணோம். இவர்கள் சுட்டால் எப்படி மெத்தென்று வரும் என்று அவருக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. 1939-இல் தம் வீட்டுச் செய்முறைகளைத் தாமே ஒரு புத்தகமாகக் கொண்டுவந்துவிட்டார்.

பொருள்களை அறிந்து வாங்குங்கள்

*சோம்பு.* நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் சோம்பு என்று இருப்பது பெருஞ்சீரகம். மெக்சிகர்கள் ‘அனீஸ்’ என்பது அதன் உறவுக்காரச் செடி. அனிஸ் விதை பெருஞ்சீரகத்தைவிடச் சிறியது. பச்சை குறைந்து சாம்பல் கலந்த பழுப்பாக இருக்கும். பல விதைகளில் குட்டிக் காம்பு ஒட்டியிருக்கும். இரண்டுக்கும் மணம் தருவது அனெத்தோல் என்ற ஒரே பொருள்தான். பெருஞ்சீரகத்தில் அதனோடு கற்பூரச் சாயலும் லேசான கசப்பும் சேர்ந்து வரும். அனிஸ் கிடைக்காவிட்டால் பெருஞ்சீரகத்தைச் சற்றுக் கூட்டிப் போடுங்கள், குற்றமில்லை. பிரியாணிக்குப் போடும் அன்னாசிப்பூ வேறு குடும்பத்து மரத்தின் காய். மணம் ஒன்றே, வேகம் அதிகம். பொடியாக்கிக் கால் டீஸ்பூனுக்கு மேல் போகாதீர்கள்.

எதைப் போட்டாலும் வெறும் வாணலியில் அரை நிமிடம் சூடு காட்டி, அம்மியிலோ உரலிலோ ஒன்றிரண்டாக நசுக்குங்கள். நைசாகப் பொடித்தால் மாவு முழுக்க ஒரே மணம் பரவி, கடிக்கும்போது திடீரென்று வரும் அந்தச் சுள்ளென்ற இனிப்பு போய்விடும்.

*கொழுப்பு.* மரபுப்படி பன்றிக் கொழுப்பு. சிறுநீரகத்தைச் சுற்றி இருக்கும் வெள்ளைக் கொழுப்புதான் உயர்ந்தது, வாசம் குறைவு. பொடியாக நறுக்கி, கால் தம்ளர் தண்ணீர் விட்டு, மிகச் சிறு தீயில் இரண்டு மணி நேரம் உருக்கி வடிகட்டினால் ஆறியதும் பால்போல் உறையும். தீ கூடினால் வறுவல் வாசம் ஏறிவிடும்.

பன்றி சேர்க்காத வீடுகளில் பலர் முதலில் தேடுவது வெண்ணெயை. அதில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு தண்ணீர். அந்தத் தண்ணீர் நேரே குளூட்டனுக்குத்தான் தீனி. நெய்யில் தண்ணீர் அநேகமாகக் கிடையாது. ஆகவே பன்றிக் கொழுப்புக்குப் பக்கத்தில் நிற்பது நெய்தான். உருகிய நெய் ஆகாது. மணல்மணலாக உறைந்த நெய்யைக் குளிர்சாதனப் பெட்டியில் சற்று இறுகவைத்து எடுங்கள். நெய் மணம் அனிஸை ஓரளவு மூடும், அதனால் விதையை அரை டீஸ்பூன் கூட்டுங்கள். நான்கட்டாய் செய்து பழகிய கைக்கு இந்தப் பதம் புதிதல்ல.

*பட்டை.* மெக்சிகோ சமையலில் ‘கனேலா’ என்பது இலங்கைக் கறுவா. இலங்கையிலிருந்து அதை அதிகம் வாங்கும் நாடுகளில் மெக்சிகோ முன்வரிசையில் நிற்கிறது. சுருட்டுப்போல் பல அடுக்காகச் சுருண்டு, விரலால் அழுத்தினால் நொறுங்குவதே அசல். நம் கடைகளில் கிடைக்கும் கெட்டியான ஒற்றைப் பட்டை வேறு இனம். காரம் தூக்கலாக இருக்கும். அதுதான் கையில் இருக்கிறது என்றால் அளவைப் பாதியாக்குங்கள்.

அடிப்படைச் செய்முறை

5 செ.மீ. அச்சில் ஐம்பதுக்குக் குறையாமல் வரும்.

மைதா 375 கிராம்
பன்றிக் கொழுப்பு 225 கிராம் (நெய் என்றால் 200 கிராம்)
சர்க்கரை 150 கிராம்
முட்டை 1
நசுக்கிய அனிஸ் 2 டீஸ்பூன்
பேக்கிங் பவுடர் 1½ டீஸ்பூன்
உப்பு ½ டீஸ்பூன்
பிராந்தி 2 மேசைக்கரண்டி (வேண்டாம் என்றால் ஆரஞ்சுச் சாறு)
மேலே புரட்ட: சர்க்கரை 100 கிராம், கறுவாப் பொடி 1 மேசைக்கரண்டி

1. கொழுப்பையும் சர்க்கரையையும் வெளுத்துப் பஞ்சுபோல் ஆகும்வரை அடியுங்கள். கையால் என்றால் பத்து நிமிடம், மிக்சர் என்றால் நான்கு. பலம் காட்ட வேண்டிய இடம் இது ஒன்றே. இதில் அடைபடும் காற்றுதான் பிஸ்கட்டின் லேசான தன்மை.

2. முட்டையும் அனிஸும் சேர்த்து அடியுங்கள். பிறகு பிராந்தி.

3. மைதா, பேக்கிங் பவுடர், உப்பு மூன்றையும் சலித்து, இரண்டு தவணையாகக் கொட்டி, கரண்டியால் கிளறுங்கள். வெள்ளை மாவு கண்ணில் படாமல் போன நொடியில் நிறுத்துங்கள். புட்டு மாவுக்குப் பார்க்கிற சோதனைதான் இங்கும்: பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். பிடிபடவில்லை என்றால் பிராந்தியோ சாறோ ஒரு டீஸ்பூன் தெளியுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

4. தட்டையாக அழுத்தி, மூடி, அரை மணி நேரம் குளிரவையுங்கள்.

5. இரண்டு பேக்கிங் தாள்களுக்கு நடுவே வைத்து 6 மி.மீ. கனத்துக்குத் தேய்த்து, அச்சால் வெட்டுங்கள். நட்சத்திரம், பிறை, பூ, வைரம் எல்லாம் மரபில் உண்டு. கூரான முனைகள் முதலில் கருகும் என்பதால் புதிதாகச் செய்பவர்கள் வட்டத்தில் தொடங்கலாம். மிஞ்சிய ஓரங்களை ஒருமுறை சேர்த்துத் தேய்க்கலாம். இரண்டாம் முறை தேய்த்தால் கடிபடும்.

6. 180 டிகிரி செல்சியஸில் 10 முதல் 12 நிமிடம். மேற்புறம் வெளிறியே இருக்கும். அடிப்பக்கம் இளம்பொன்னாக மாறினால் வெந்துவிட்டது. நிறத்துக்காகக் காத்திருப்பவர் கருக்கிவிடுவார்.

7. வெளியே எடுத்து இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். சூடு ஆறும் முன், ஒவ்வொன்றாகக் கறுவாச் சர்க்கரையில் மெதுவாகப் புரட்டுங்கள். அவசரப்பட்டால் கையோடு உடையும். ஆறவிட்டால் சர்க்கரை ஒட்டாது.

ஒரு எச்சரிக்கை. சான்டா ஃபே சுமார் 7,000 அடி உயரத்தில் இருக்கிறது, கிட்டத்தட்ட நம் ஊட்டி உயரம். அங்கே காற்றழுத்தம் குறைவு என்பதால் மாவு வேகமாக உப்பும். காற்று வறண்டது என்பதால் மாவு ஈரம் கேட்கும். ஆகவே அந்த ஊர்க்காரர்கள் பேக்கிங் பவுடரைக் குறைத்தும் திரவத்தைக் கூட்டியும் எழுதியிருப்பார்கள். அந்தக் குறிப்பை அப்படியே சென்னை ஈரக்காற்றில் செய்தால் மாவு பிசுபிசுக்கும். மேலே உள்ள அளவு சமவெளிக்கானது.

குளூட்டன் இல்லாமல்

ரொட்டியில் குளூட்டனை எடுத்தால் முதுகெலும்பை எடுத்ததுபோல. பிஸ்கோச்சீட்டோவில் நாம் இவ்வளவு நேரமும் விரட்டிக்கொண்டிருந்ததே அதைத்தான். அதனால் சுவையிலும் கரைகிற பதத்திலும் இழப்பு சொற்பம். ஆனாலும் விரட்டினோமே தவிர, கோதுமை மாவில் அது முழுக்கப் போய்விடவில்லை. மிச்சமிருந்த துளி வலை ஒரு வேலை செய்தது: வெட்டிய துண்டு தட்டுக்குப் போகும்வரை உடையாமல் பிடித்துக்கொண்டது. அந்த ஒரு வேலைக்கு மட்டும் மாற்று ஆள் தேட வேண்டும்.

மைதாவுக்குப் பதிலாக: நைசான பச்சரிசி மாவு 200 கிராம், கார்ன்ஃப்ளவர் 100 கிராம், பாதாம் மாவு 75 கிராம். பிடிமானத்துக்குச் சாந்தன் கம் 1 டீஸ்பூன். கிடைக்காவிட்டால் பொடித்த இசப்கோல் 1½ டீஸ்பூன். முட்டையோடு ஒரு மஞ்சள் கருவும் கூட. பன்றிக் கொழுப்பை 200 கிராமாகவும், நெய்யென்றால் 180 கிராமாகவும் குறையுங்கள்; இந்த மாவுகள் மைதா அளவுக்குக் கொழுப்பைத் தாங்காமல் தட்டில் பரவிவிடும். மற்ற பொருள்களும் அளவும் முன்போலவே.

செய்முறையில் நான்கு மாற்றம்:

முதலாவது, ஊறல். அரிசி மாவு ஈரத்தை மெல்லத்தான் குடிக்கும். ஊறாத மாவில் சுட்டால் பல்லில் நறநறவென்று மணல்போல் படும். குறைந்தது ஒரு மணி நேரம் குளிரில் வையுங்கள். முந்தின இரவே கலந்து வைத்தால் இன்னும் நல்லது. இடியாப்பத்துக்கென்று விற்கும் நைஸ் மாவு இதற்குப் பொருந்தும்.

இரண்டாவது, கனம். 8 மி.மீ. வையுங்கள். மெலிந்தால் உடையும்.

மூன்றாவது, தூக்காதீர்கள். பேக்கிங் தாளின் மேலேயே வெட்டி, சுற்றியுள்ள மாவை உரித்தெடுத்துவிட்டு, தாளோடு தட்டுக்கு நகர்த்துங்கள். அடுப்பில் வைக்கும்முன் பதினைந்து நிமிடம் மறுபடி குளிரவைத்தால் வடிவம் கலையாது. ஓரங்களை எத்தனை முறை வேண்டுமானாலும் சேர்த்துத் தேய்க்கலாம். இறுகுவதற்கு இங்கே குளூட்டன் இல்லை. மைதாக்காரர்களுக்கு இல்லாத சலுகை இது.

நான்காவது, சூடும் பொறுமையும். 170 டிகிரியில் 13 முதல் 15 நிமிடம். வெளியே எடுத்ததும் தொட வேண்டாம். முதல்முறை சுட்டபோது பழக்கதோஷத்தில் சூட்டோடு எடுத்துச் சர்க்கரையில் புரட்டினேன். தட்டில் மிஞ்சியது மணமான பொடி. இதற்கு வழி, வெட்டியதுமே மேற்புறத்தில் கறுவாச் சர்க்கரையைத் தூவிச் சுடுவது. ஆறிய பிறகு இன்னொரு தூவல்.

பாதாம் ஆகாதவர்கள் அந்த 75 கிராமுக்கு வறுத்த வெள்ளைச் சோள மாவைப் போடலாம். வறுப்பதற்கும் ஒரு மரபு இருக்கிறது: ஸ்பெயினின் எஸ்தேபா ஊரில் பன்றிக் கொழுப்பில் செய்யும் ‘மான்டெகாடோ’வுக்குக் கோதுமை மாவையே வறுத்துத்தான் போடுவார்கள். வறுத்த மாவில் பசை ஏறாது என்பதை அவர்களும் கண்டுவைத்திருந்தார்கள். (கோதுமையை வறுத்தால் குளூட்டன் ஒத்துக்கொள்ளாதவருக்கு அது பாதுகாப்பாகிவிடாது, பதம்தான் மாறும்.)

கோரிக்கோ: பிறவியிலேயே கோதுமை இல்லாதது

மாற்று மாவுகளே வேண்டாம் என்பவர்களுக்கு மெக்சிகோவிலேயே பழைய விடை ஒன்று உண்டு. வடமேற்கிலுள்ள சொனோராவில் ‘கோரிக்கோ’ என்றும் பக்கத்து சினலோவாவில் ‘தக்குவரீன்’ என்றும் சொல்லும் மக்காச்சோள வளையங்கள். இதற்கான மாவு தனி. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவைத்து, கழுவி, அரைத்து உலர்த்தியது. ‘மாசா ஹரீனா’ என்று விற்கிறார்கள். சுண்ணாம்பு விதைத் தோலைக் கரைத்து, மாவுக்குத் தானாகவே ஒட்டும் குணத்தைக் கொடுக்கிறது. நம் கடையின் மஞ்சள் மக்காச்சோள மாவுக்கு அந்தக் குணம் கிடையாது. கார்ன்ஃப்ளவர் வெறும் மாச்சத்து. இரண்டும் இதற்கு உதவாது.

மாசா ஹரீனா 240 கிராம், பன்றிக் கொழுப்பு 140 கிராம், சர்க்கரை 110 கிராம், முட்டை 2, பேக்கிங் பவுடர் 1 டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு. அனிஸ் 1 டீஸ்பூன் என் விருப்பத்துக்குச் சேர்ப்பது. முன்போல் அடித்துக் கலந்து, மாவு விரிசல் விடாமல் உருளும்வரை பால் இரண்டு முதல் நான்கு மேசைக்கரண்டி தெளியுங்கள். இருபது நிமிடம் ஊறட்டும். விரல் கனத்துக்கு உருட்டி, முனைகளைச் சேர்த்து வளையமாக்கி, 180 டிகிரியில் 15 முதல் 18 நிமிடம்.

தவறினால்

கடிக்கக் கெட்டியாக இருக்கிறது: மைதாவில் அதிகம் கை வைத்துவிட்டீர்கள், அல்லது திரவம் கூடிவிட்டது.

தட்டில் பரவிவிட்டது: கொழுப்பு உருகிய நிலையில் இருந்தது, அல்லது அடுப்பு சூடேறும்முன் வைத்துவிட்டீர்கள்.

எடுக்கும்போதே உதிர்கிறது: மைதா வகையில் கொழுப்பு மிஞ்சியது, குளூட்டன் இல்லாத வகையில் ஊறலோ சாந்தன் கம்மோ போதவில்லை. முழுக்க ஆறும்வரை தீர்ப்பு எழுத வேண்டாம்.

மணம் வரவில்லை: விதை பழையது. இரண்டு விதையை மென்று பாருங்கள், நாக்கு சொல்லிவிடும். புதிய விதை இல்லையென்றால், டெக்சஸ்காரர்கள் தூள் ரொட்டிக்குச் செய்வதுபோல் அனிஸையும் கறுவாவையும் கொஞ்சம் தண்ணீரில் கொதிக்கவைத்துச் சுண்டவிட்டு, பிராந்திக்குப் பதிலாக அந்தக் கஷாயத்தை ஊற்றலாம்.

சுட்ட அன்றைவிட மறுநாள் மணம் கூடும். காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு வாரம் தாங்கும். மழைக்காலத்தில் நமுத்தால் 150 டிகிரியில் ஐந்து நிமிடம் காட்டி எடுங்கள்.

விருந்தாளிக்குச் சுடும்போது

சீலியாக் நோய் உள்ளவர் குடல் குளூட்டனைத் துளிகூட ஏற்காது. இந்தியாவில் ‘குளூட்டன் இல்லாதது’ என்று அச்சிட ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக்கூடாது என்பது விதி. அவ்வளவு சின்ன அளவு. மைதா சலித்த சல்லடை, கோதுமை மாவு ஊறிய மரப் பூரிக்கட்டை, பொது மில்லில் அரைத்த அரிசி மாவு, கோதுமை மாச்சத்து கலந்த பேக்கிங் பவுடர் எதுவும் அந்த எல்லையைத் தாண்டவைக்கும். பொட்டலத்தைப் படித்து வாங்குங்கள். ஒரே நாளில் இரண்டு வகையும் சுட வேண்டுமானால் குளூட்டன் இல்லாததை முதலில் சுட்டு, மூடி எடுத்து வைத்த பிறகே மைதாவைத் திறங்கள். கறுவாச் சர்க்கரைக் கிண்ணமும் தனித்தனி.

பரிமாறும்போதும் ஒரே தாம்பாளத்தில் இரண்டையும் அடுக்காதீர்கள். தொட்டால் தூளாக வேண்டும் என்றுதானே இத்தனை பாடுபட்டோம். அந்தத் தூள் பக்கத்துப் பிஸ்கட்டில் போய் விழும். விருந்தாளிக்கு அவருடைய பங்கை ஒரு தனி டப்பாவில் போட்டு, மூடியோடு கையில் கொடுங்கள்.